நியூ வேகாஸ்: பழைய ஆபீஸ் பிசியில் எந்த பேட்ச், எந்த மாட்?

டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஸ்டீம் தள்ளுபடியில் ‘ஃபால்அவுட்: நியூ வேகாஸ்’ விளையாட்டின் அல்டிமேட் எடிஷன் வாங்கியிருக்கிறார். பிசி ஏதோ ஆபீஸில் கழித்துவிட்டது: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, இன்டெல் எச்டி 4600, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வீட்டில் ஃபைபர் இல்லை, ப்ரீபெய்ட் டேட்டாதான். ஃபீனிக்ஸில் இருக்கும் நண்பர் 200 மாட்ஸ் (ரசிகர்கள் செய்த மாற்றங்கள்) போட்ட தன்னுடைய ‘டேட்டா’ ஃபோல்டரை ஃபிளாஷ் டிரைவில் அப்படியே தருவதாகச் சொல்கிறாராம். அதையே போட்டுக்கொள்ளலாமா, இல்லை வேறு எதையாவது எடுக்கலாமா என்பது கேள்வி.

தம்பி, அந்த ஃபோல்டரை அப்படியே கொட்டிக்கொள்ள வேண்டாம். ஒரே ஃபோல்டரில் எல்லாம் கலந்த பிறகு எந்த ஃபைல் எதிலிருந்து வந்தது, எது எதன் மேல் ஏறி உட்கார்ந்தது என்று பிரிக்கவே முடியாது. நண்பரின் பிசியில் ஓடுகிறது என்றால் அவருடைய கிராஃபிக்ஸ் கார்டு, அவருடைய ஐஎன்ஐ அமைப்புகள், அவர் போட்டுக்கொண்டே போன வரிசை எல்லாம் சேர்ந்துதான் ஓடுகிறது. உங்களிடம் வந்து கிராஷ் ஆனால் 200-இல் எது காரணம் என்று அவராலும் சொல்ல முடியாது.

அவரிடம் வேறு இரண்டு கேளுங்கள். முதலாவது, மாட்ஸை நிர்வகிக்கும் நிரலான மாட் ஆர்கனைசர் 2-ஐ அவர் வைத்திருந்தால் அதன் ‘டவுன்லோட்ஸ்’ ஃபோல்டர். அதில் ஒவ்வொன்றும் இறக்கியபடியே ஜிப் அல்லது 7இசட் ஆக இருக்கும், பக்கத்தில் அதே பெயரில் .மெட்டா ஃபைல் ஒன்றும் இருக்கும். இரண்டையும் சேர்த்து எடுங்கள். மெட்டா ஃபைலில் அது எந்த மாட், எந்த வெர்ஷன் என்ற விவரம் இருப்பதால், புதிய வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பார்த்து, தேவையானதை மட்டும் இறக்கலாம்.

இரண்டாவது, விளையாட்டின் அசல் ஃபைல்கள். சுமார் 10 ஜிபி வரும். உங்கள் கணக்கில் விளையாட்டு இருக்கிறது, அதனால் அவரிடமிருந்து காப்பி எடுத்து, ஸ்டீமில் வெரிஃபை கொடுத்தால் மாறியிருப்பதை மட்டும் இறக்கும். இரண்டு பிசியும் ஒரே வைஃபையில் இருந்தால் ஸ்டீமே உள் நெட்வொர்க் வழியாக மாற்றித் தரும். 2023 முதல் அந்த வசதி இருக்கிறது. ஒரு சிக்கல்: வெரிஃபை குறைவதைத்தான் நிரப்பும், கூடுதலாகக் கிடப்பதை அழிக்காது. எனவே காப்பி எடுத்த டேட்டா ஃபோல்டரைத் திறந்து .இஎஸ்எம் என்று முடியும் தரவு ஃபைல்களை எண்ணுங்கள். அல்டிமேட் எடிஷனுக்கு 10 இருக்க வேண்டும்: ஃபால்அவுட்என்வி, டெட் மனி, ஹானஸ்ட் ஹார்ட்ஸ், ஓல்டு வேர்ல்டு புளூஸ், லோன்சம் ரோடு, கன் ரன்னர்ஸ் ஆர்சனல், அப்புறம் காரவன், கிளாசிக், மெர்சினரி, டிரைபல் என்று நான்கு பேக். இதற்கு மேல் இருப்பது மாட். டெக்ஸ்சர்ஸ், மெஷஸ் என்று தனி ஃபோல்டர்கள் தெரிந்தால் அவையும் மாட்தான். அசல் விளையாட்டு அவற்றை பிஎஸ்ஏ மூட்டைகளுக்குள் வைத்திருக்கும். அழித்துவிட்டு வெரிஃபை கொடுங்கள். நண்பரின் எக்ஸி ஃபைல் (விளையாட்டைத் திறக்கும் நிரல்) கிராக் செய்ததாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். பின்னால் சொல்லும் பேட்ச் எதுவும் அதில் நேராக உட்காராது.

இனி எதை எடுப்பது. நெக்ஸஸ் என்ற மாட் தளத்தில் இந்த விளையாட்டுக்குக் கிடைப்பவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். எஞ்சினைச் சரிசெய்பவை; கதையிலும் பொருள்களிலும் உள்ள பிழைகளைத் திருத்துபவை; தயாரித்தவர்கள் வெட்டிப்போட்டதைத் திரும்ப ஒட்டுபவை; விளையாட்டையே மாற்றுபவை. முதல் இரண்டும் எல்லோருக்கும் வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் உங்களுக்கு என்ன குறை தெரிகிறது என்பதைப் பொறுத்தவை. ஒரு தடவையாவது சில மணி நேரம் விளையாடாமல் அந்தக் குறை தெரியாது. ‘கட்டாயம் போட வேண்டிய 50 மாட்ஸ்’ என்று வரும் பட்டியல்கள் இந்த நான்கையும் ஒன்றாகக் குழப்பி வைக்கும். அதனால்தான் முதன்முறை விளையாடுபவர் அசல் எப்படி இருந்தது என்றே தெரியாமல் வேறொரு விளையாட்டை விளையாடி முடிக்கிறார்.

அதைவிடப் பெரிய ஆபத்து பழைய ஆலோசனை. விளையாட்டு வந்தது 2010 அக்டோபரில். அப்சிடியன் செய்தது, பெதெஸ்டா வெளியிட்டது. அன்றிலிருந்து இன்றுவரை எழுதப்பட்ட எல்லாக் குறிப்பும் இணையத்தில் அப்படியே கிடக்கிறது. தேடினால் முதலில் வருவதும் பெரும்பாலும் அந்தப் பழசுதான். சில பெயர்களைத் தெரிந்துவைத்துக்கொண்டால், அவை இருக்கும் குறிப்பைப் பார்த்தவுடன் மூடிவிடலாம்.

என்விஎஸ்ஆர் என்ற ஸ்டட்டர் ரிமூவர் (படம் திக்குவதைக் குறைப்பது) ஒரு காலத்தில் உயிர்காத்தது. விண்டோஸ் 10-இல் அதுவே கிராஷுக்குக் காரணமாகிறது. அதன் வேலையை இப்போது என்விடிஎஃப் செய்கிறது. என்விஏசி என்ற ஆன்டி கிராஷ் கிராஷைத் தீர்ப்பதில்லை, விழுங்குகிறது. பிழை நடந்த பிறகும் விளையாட்டு நொண்டிக்கொண்டே ஓடும், கெட்டுப்போன நிலையிலேயே நீங்கள் சேவ் செய்வீர்கள், காரணம் எது என்ற தடயமும் மறைந்துவிடும். டி3டி9.டிஎல்எல் என்று ஒரு ஃபைலை எக்ஸி பக்கத்தில் போடச் சொல்வார்கள். கிராஃபிக்ஸ் கார்டைப் பழைய ஜிஃபோர்ஸ் என்று விளையாட்டிடம் பொய் சொல்ல வைக்கும் தந்திரம் அது. இன்று தேவையில்லை. மிஷன் மோஹாவே என்ற பழைய பிழைத்திருத்தத் தொகுப்பு பிழைகளோடு சேர்த்து வேறு பலவற்றையும் தொட்டது. அதை விட்டு யுப் என்ற பிழைத்திருத்தத் தொகுப்பை எடுங்கள். ப்ராஜெக்ட் நெவாடா பெரிய பெயர்தான். ஆனால் அது செய்தவற்றைச் சின்னச் சின்னதாக, சுத்தமாகச் செய்யும் புதியவை வந்துவிட்டன.

ஐஎன்ஐ ஃபைலில் யூகிரிட்ஸ்டுலோட் மதிப்பை 5-இலிருந்து 7 ஆக்கு, 9 ஆக்கு என்பது இன்னொன்று. தூரத்துக் காட்சி அழகாகும் என்பார்கள். உண்மையில் அது உங்களைச் சுற்றி ஒரே நேரத்தில் உயிரோடு இயங்கும் பகுதியைப் பெரிதாக்குகிறது. நீங்கள் அருகில் வரும்போது நடக்க வேண்டிய நிகழ்ச்சி நீங்கள் வருவதற்குள்ளேயே நடந்து முடியும், நினைவகம் நிரம்பும். அந்த மதிப்பில் சேவ் செய்துவிட்டுப் பிறகு 5-க்குத் திரும்பினால் சேவ் தகராறு செய்யும். தொடாதீர்கள்.

இப்போது வேலையின் வரிசை. ஸ்டீம் வழக்கமாக ‘ப்ரோகிராம் ஃபைல்ஸ்’ உள்ளே உட்காரும். அங்கே ஃபைல்களை மாற்ற விண்டோஸ் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்கும், சில சமயம் கேட்காமலே தடுக்கும். பேட்ச் போட்டதுபோல இருக்கும், போட்டிருக்காது. இரண்டாவது பார்டிஷன் இருந்தால் ஸ்டீமின் ஸ்டோரேஜ் அமைப்பில் அங்கே ஒரு லைப்ரரி சேர்த்து விளையாட்டை நகர்த்துங்கள். ஒரே டிரைவ்தான் என்றால் ஸ்டீமையே சி டிரைவில் வெளியே ‘ஸ்டீம்’ என்று ஒரு ஃபோல்டரில் நிறுவுவது எளிது. அப்படியே ஒன்டிரைவ் உங்கள் ‘டாகுமெண்ட்ஸ்’ ஃபோல்டரைத் தன் பொறுப்பில் எடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். சேவ்களும் ஐஎன்ஐ ஃபைல்களும் ‘டாகுமெண்ட்ஸ்’ உள்ளே ‘மை கேம்ஸ்’, ‘ஃபால்அவுட்என்வி’ என்ற இடத்தில்தான் இருக்கும். ஒன்டிரைவ் அவற்றை இழுத்துப் பூட்டிக்கொண்டால் அமைப்புகள் நிற்காது. ஒவ்வொரு சேவும் மேலே ஏறிக்கொண்டே இருந்தால் உங்கள் டேட்டா பண்டிலும் கரையும்.

பிறகு விளையாட்டின் அசல் லாஞ்சரை ஒரு முறை திறந்து கிராஃபிக்ஸ் அமைப்பைத் தேர்ந்து, மெயின் மெனு வரை போய் வெளியே வாருங்கள். ஐஎன்ஐ ஃபைல்கள் அப்போதுதான் உருவாகும். உங்கள் எச்டி 4600-க்கு 1280×720, மீடியம் அல்லது லோ. நீர்ப் பிரதிபலிப்பு, நிழல், ஆன்டி ஏலியசிங் மூன்றையும் அணையுங்கள். இவை எடுக்கும் பாரம் அதிகம்.

மாட் எதுவும் போடும் முன் பெட்டியைத் திறந்து ராமைப் பாருங்கள். கழித்துவிட்ட ஆபீஸ் பிசிகளில் 8 ஜிபி ஒரே குச்சியாக இருப்பது வழக்கம். தனி கார்டு இல்லாத பிசியில் கிராஃபிக்ஸும் அந்த ராமையே பயன்படுத்துகிறது. 4 ஜிபி குச்சிகள் இரண்டு, அல்லது இருக்கும் 8-க்குப் பொருத்தமாக இன்னொரு 8 டிடிஆர்3 போட்டு இரட்டைச் சேனலாக்கினால், வேகம் தருவதாகச் சொல்லும் எந்த மாட்டையும்விட அது அதிகம் தரும்.

அடுத்தது முதல் வகை. விளையாட்டு 32-பிட். உங்கள் பிசியில் எத்தனை ஜிபி இருந்தாலும் அதன் கண்ணுக்குத் தெரிவது 2 ஜிபிதான். ஃபோர் ஜிபி பேட்சர் அந்த எல்லையை 4 ஆக்குகிறது. அந்தச் சின்ன நிரலை எக்ஸி இருக்கும் ஃபோல்டரில் வைத்து ஒரே முறை ஓட்டினால் போதும். பழைய எக்ஸிக்கு அதுவே ஒரு பிரதி எடுத்துவைக்கும். பல மாட்ஸுக்குத் தேவைப்படும் ஸ்கிரிப்ட் நீட்டிப்பான எக்ஸ்என்விஎஸ்இயின் ஃபைல்களும் அதே இடத்தில், எக்ஸி பக்கத்தில் போக வேண்டும். மாட் ஆர்கனைசர் வழியாகப் போடாதீர்கள், டேட்டா ஃபோல்டருக்குள்ளும் போடாதீர்கள். பேட்ச் ஆன எக்ஸி அதைத் தானே ஏற்றிக்கொள்ளும், தனி லோடர் வேண்டியதில்லை. எபிக் கடையில் வாங்கியவர்களுக்கு எக்ஸி வேறு. அதைச் சரிக்கட்டும் தனி பேட்சரை முதலில் ஓட்ட வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், கேம் பாஸ் பிரதி இந்த வேலைக்கே ஆகாது.

பின்னால் என்றாவது ஸ்டீமில் வெரிஃபை கொடுத்தால் எக்ஸி பழையபடி மாறிவிடும். பேட்சரை மறுபடி ஓட்ட வேண்டும். ‘நேற்றுவரை ஓடியது, இன்று எல்லா மாட்ஸும் செத்துவிட்டன’ என்பவர்களில் பாதிப் பேருடைய காரணம் இதுதான்.

மாட் ஆர்கனைசர் 2-ஐ விளையாட்டு ஃபோல்டருக்கு வெளியே தனியாக வையுங்கள். அதன் சிறப்பு, எதையும் டேட்டா ஃபோல்டரில் கொட்டாது. ஒவ்வொன்றையும் தனித்தனி ஃபோல்டரில் வைத்து, விளையாட்டு ஓடும்போது மட்டும் எல்லாம் ஒன்றாக இருப்பதுபோலக் காட்டும். டிக் எடுத்தால் அந்த மாட் இல்லவே இல்லை. இடப்பக்கப் பட்டியல் ஃபைல் மோதலுக்கு. ஒரே டெக்ஸ்சரை இரண்டு பேர் தந்தால் கீழே இருப்பது ஜெயிக்கும். வலப்பக்கம் இஎஸ்எம், இஎஸ்பி (மாட்ஸின் தரவு ஃபைல்கள்) ஏறும் வரிசை. இரண்டும் வேறு வேறு; இடப்பக்கம் நகர்த்திவிட்டு வலப்பக்கமும் மாறியிருக்கும் என்று நினைப்பவர்கள் நிறைய. ப்ரோஃபைல் அமைப்பில் ஆர்கைவ் இன்வேலிடேஷன் டிக் இருக்க வேண்டும். இல்லையென்றால் அசல் பிஎஸ்ஏவில் உள்ள டெக்ஸ்சரே முன்னால் நிற்கும், நீங்கள் போட்டது கண்ணில் படாது.

அதன் வழியாகப் போட வேண்டியவை: ஜேஐபி எல்என் என்விஎஸ்இ, ஜானிகிட்டார் என்விஎஸ்இ, ஷோஆஃப் எக்ஸ்என்விஎஸ்இ. இவை மூன்றும் எஞ்சின் பிழைகளைத் திருத்துபவை. பிற மாட்ஸுக்கு அடித்தளமும் இவைதான். என்விடிஎஃப் திக்கலைக் குறைக்கும். அதன் ஐஎன்ஐயை வந்தபடியே விடுங்கள். எல்ஸ்டூவிஏஎல்ஸ் ட்வீக்ஸ் நூற்றுக்கணக்கான சின்ன மாற்றங்களை ஒரே ஐஎன்ஐயில் ஒன்று, பூஜ்யம் என்று வைத்திருக்கிறது. முன்பு பத்துப் பதினைந்து மாட்ஸ் தேவைப்பட்ட இடத்தில் இது ஒன்று போதும். ஆனால் ஆர்வத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடாதீர்கள். விளையாட்டின் விதிகளை மாற்றும் வரிகளும் அதில் கலந்திருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் இருக்கிறது, படித்துவிட்டு மாற்றுங்கள்.

இரண்டாம் வகைக்கு யுப், அதோடு அன்அஃபிஷியல் பேட்ச் என்விஎஸ்இ ப்ளஸ். யுப்பில் எல்லா டிஎல்சிக்கும் (பின்னால் வந்த கூடுதல் பகுதிகள்) சேர்த்து ஒரு பிரதி உண்டு. அல்டிமேட் எடிஷன் வைத்திருக்கும் உங்களுக்கு அதுதான். டிஎல்சி ஒன்று குறைந்தாலும் அந்தப் பிரதி ஓடாது, ஏனென்றால் அது இல்லாத இஎஸ்எம்மைத் தேடும்.

பிஎஸ்ஏ டிகம்ப்ரஸர் என்று ஒன்று எல்லா நல்ல வழிகாட்டியிலும் இருக்கும். மூட்டைகளை விரித்துவைத்துவிட்டால் விளையாடும்போது சிபியுவுக்கு அந்த வேலை இல்லை, திக்கல் குறையும். வட்டில் கூடுதலாகச் சில ஜிபி பிடிக்கும், இறக்க வேண்டியது சொற்பம். ஆனால் ப்ரீபெய்ட் டேட்டாவில் இருப்பவருக்கு நான் யோசித்தே சொல்வேன்: அதை ஓட்டிய பிறகு ஸ்டீமில் வெரிஃபை அழுத்தினால், எல்லா மூட்டையும் மாறியிருக்கிறது என்று ஸ்டீம் முடிவுகட்டி, ஜிபி கணக்கில் மறுபடி இறக்கத் தொடங்கும். அசல் பிஎஸ்ஏக்களை வெளி டிரைவில் காப்பி எடுத்து வைத்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் விடுங்கள்.

இவ்வளவு போட்டதும் நிறுத்திச் சோதியுங்கள். மாட் ஆர்கனைசரிலிருந்தே விளையாட்டைத் திறக்க வேண்டும். ஸ்டீமில் ப்ளே அழுத்தினால் அசல் மட்டும் ஓடும். டில்டே விசையால் கன்சோலைத் திறந்து கெட்என்விஎஸ்இவெர்ஷன் கட்டளையைக் கொடுங்கள். எண் வந்தால் எக்ஸ்என்விஎஸ்இ ஏறியிருக்கிறது. கட்டளையே தெரியாது என்றால் ஃபைல்கள் தப்பான ஃபோல்டரில் இருக்கின்றன. புது ஆட்டம் தொடங்கி, டாக் மிட்செல் வீட்டைவிட்டு வெளியே வந்து, குட்ஸ்பிரிங்ஸ் சலூன் வரை நடந்து, சேவ் செய்து, முழுதாக வெளியேறி, மறுபடி திறந்து லோட் செய்யுங்கள். திறந்தவெளி, உள்ளறை, சேவ், லோட் நான்கும் இதில் அடங்கிவிடும்.

தவறு எங்கே என்று அறிகுறியை வைத்தே கொஞ்சம் சொல்லலாம். மெயின் மெனு வருவதற்குள் மூடிக்கொண்டால், ஏதோ ஒரு இஎஸ்பி தேடும் மாஸ்டர் இல்லை. மாட் ஆர்கனைசரின் வலப்பக்கத்தில் அதன் எதிரே எச்சரிக்கைச் சின்னம் இருக்கும், சுட்டியை மேலே வைத்தால் எது குறைகிறது என்று பெயரோடு சொல்லும். பொருள் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு ஆச்சரியக்குறி மிதந்தால் அதன் மெஷ் ஃபைல் வரவில்லை: பாதி இறங்கிய ஜிப், அல்லது ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஓரடுக்கு கூடுதலாகப் போயிருக்கும். மெனுவில் எம்சிஎம் (மாட்ஸின் அமைப்புகளை மாற்றும் பகுதி) தெரியவில்லை என்றால் இடைமுக மாட்ஸ் ஒன்றை ஒன்று மறைத்திருக்கின்றன, அல்லது எக்ஸ்என்விஎஸ்இ ஏறவில்லை. தொடக்கத்தில் நன்றாக ஓடி, அரை மணி கழித்து, கூட்டமான இடங்களில் கிராஷ் என்றால் நினைவகத்தைச் சந்தேகப்படுங்கள். பேட்சர் உண்மையில் வேலை செய்ததா, பெரிய டெக்ஸ்சர் ஏதும் போட்டீர்களா என்று பாருங்கள். எக்ஸ்என்விஎஸ்இக்கு கிராஷ் லாகர் ஒன்று கிடைக்கிறது. அதைப் போட்டுவைத்தால் கிராஷ் நேரத்தில் எந்த டிஎல்எல், எந்த ஃபைல் கையில் இருந்தது என்று எழுதிவைக்கும்.

இனி மூன்றாம், நான்காம் வகை. ஒரு மாட் பக்கத்தைத் திறந்தால் படங்களைப் பார்க்கும் முன் ரிக்வயர்மெண்ட்ஸ் பட்டியலைப் பாருங்கள். பழைய என்விஎஸ்இ வெர்ஷன் எண்ணோ என்விஏசியோ கேட்டால் அந்தப் பக்கம் தூங்கிப் பல வருடம் ஆகிறது. கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், பக்ஸ் பகுதியில் பதில் இருக்கிறதா, போஸ்ட்ஸ் பகுதியில் மேலே ஒட்டிவைத்த குறிப்பு என்ன என்று பாருங்கள். பழசு என்பதே குறை ஆகாது. ஒரு துப்பாக்கியின் டெக்ஸ்சரை மாற்றும் மாட் 2012-இல் நின்றிருந்தாலும் கவலையில்லை. ஸ்கிரிப்ட் ஓட்டுவதும் இடைமுகத்தைத் தொடுவதும் அப்படி நின்றிருந்தால் தள்ளிவையுங்கள். ‘எண்டார்ஸ்’ எண்ணிக்கையைப் பார்த்து எடுக்காதீர்கள். பத்து வருடத்துக்கு முன் குவிந்த பாராட்டு இன்னும் அங்கேயேதான் இருக்கும்.

எழுத்து பெரிதாக, பட்டியல் குறுகலாகத் தெரிகிறது என்றால் வனிலா யுஐ ப்ளஸ், அதன் பிறகு எம்சிஎம். ஓடும் வசதி, குறி பட்டதைக் காட்டும் அடையாளம் போன்றவை இல்லாதது உறுத்தினால் ஜஸ்ட் அசார்ட்டட் மாட்ஸ். வேண்டிய பகுதியை மட்டும் திறந்துகொள்ளலாம். டாக் மிட்செல் வீட்டு வாசலிலேயே எல்லா டிஎல்சியும் வரிசையாக அழைப்பு விடுத்து, நான்கு பேக்கும் இலவச ஆயுதங்களைக் கையில் திணிப்பது எரிச்சலாக இருந்தால் டிஎல்சியைத் தாமதப்படுத்தும் மாட் ஒன்றைப் போடலாம். இப்படி ஒவ்வொன்றும் ஒரு குறைக்குப் பதிலாக வரட்டும்.

உங்கள் பிசியில் தொடக்கூடாதவை: ஈஎன்பி (ஒளி, நிழல் மெருகூட்டும் கிராஃபிக்ஸ் மாட்) எதுவும், 2கே, 4கே டெக்ஸ்சர் தொகுப்புகள். ‘என்எம்சி’ போன்ற தொகுப்பு பல ஜிபி, உங்கள் மாத டேட்டாவே அதில் போகும். செலவு ஒரு பக்கம் இருக்க, டைரக்ட்எக்ஸ் 9 விளையாட்டுகளில் டெக்ஸ்சரின் ஒரு நகல் விளையாட்டின் சொந்த நினைவகத்திலும் உட்காருவது வழக்கம். 4 ஜிபி எல்லை சீக்கிரமே முட்டும், நல்ல கார்டு இருப்பவர்களுக்கும் இதே கதைதான். டைரக்ட்எக்ஸை வல்கனாக மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே போட்டால் வேகம் கூடும் என்று யாராவது சொல்வார்கள். அதற்கு வல்கன் என்ற கிராஃபிக்ஸ் முறைக்கான டிரைவர் தேவை. விண்டோஸில் இன்டெல் வல்கன் டிரைவர் ஆறாம் தலைமுறையிலிருந்துதான். உங்கள் நான்காம் தலைமுறைக்குப் பொருந்தாது.

வெட்டியதைத் திரும்ப ஒட்டும் மாட்ஸ் பற்றி எனக்குக் கொஞ்சம் பிடிவாதமான கருத்து உண்டு. ஸ்டார் வார்ஸ் கோட்டார் 2 போன்ற விளையாட்டுக்கு அது கட்டாயம். 2004 டிசம்பரில் அவசரமாக வெளியானதால் முடிவுப் பகுதியே அரைகுறை; டிஎஸ்எல்ஆர்சிஎம் என்ற மாட் அதை முழுமையாக்குகிறது. அந்தக் குழுவின் தெளிவைப் பாருங்கள்: எம்4-78 என்ற வெட்டப்பட்ட கிரகத்தை அதில் சேர்க்காமல் தனி மாட் ஆக வைத்தார்கள். வெட்டப்பட்டது எல்லாம் நல்லதாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. ட்ரோய்கா செய்த பிளட்லைன்ஸுக்கு வந்த அன்அஃபிஷியல் பேட்சும் இதே பிரிவினையை நிறுவும்போதே கேட்கும்: பேசிக் என்றால் பிழைத்திருத்தம் மட்டும், ப்ளஸ் என்றால் மீட்டெடுத்ததும் மாற்றியதும் சேர்த்து. முதல் ஆட்டத்துக்கு பேசிக் போதும்.

நியூ வேகாஸில் நிலைமை வேறு. நகரப் பகுதிகளான ஃப்ரீசைடும் ஸ்ட்ரிப்பும் கதவு போட்டுத் துண்டாடப்பட்டிருப்பதற்குக் காரணம் அன்றைய கன்சோல்களின் குறைந்த நினைவகம். ஃப்ரீசைட் ஓபன் போன்றவை அந்தக் கதவுகளை எடுக்கின்றன. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் உங்கள் பிசிக்கு அந்தக் கதவுகள் உதவி. எடுத்தால் ஒரே நேரத்தில் இரு பகுதியின் ஆட்களும் நடமாடுவார்கள், அந்த இடத்தைத் தொடும் வேறு எந்த மாட்டும் இதோடு மோதும்.

சமநிலையை மாற்றுவதில் ஜேசாயர் தனி ரகம். திட்டத்தின் இயக்குநராக இருந்த ஜோஷ் சாயரே, விளையாட்டு வெளிவந்த பிறகு தன் விருப்பப்படி செய்தது. எல்லா டிஎல்சியும் சேர்ந்தால் நிலை 50 வரை போகும். அவர் அதை 35-இல் நிறுத்துகிறார், சுமக்கும் எடையையும் குறைக்கிறார். விளையாட்டு பிற்பாதியில் மிக எளிதாகிவிடுகிறது என்று உணர்ந்த பிறகு, அதன் புதுப்பிக்கப்பட்ட அல்டிமேட் பிரதியை எடுங்கள். புதுக் கதைகளுக்கு நியூ வேகாஸ் பவுண்டீஸ் நல்ல தேர்வு. ஏ வேர்ல்டு ஆஃப் பெயின் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைச் சேர்க்கிறது, கூடவே எக்கச்சக்கமான ஆயுதங்களையும், பொருளாதாரம் கெட்டுவிடும். டேல் ஆஃப் டூ வேஸ்ட்லேண்ட்ஸுக்கு ஃபால்அவுட் 3-உம் சொந்தமாக இருக்க வேண்டும். அதை இரண்டு விளையாட்டையும் முடித்தவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். கோட்பாட்டளவில் 250-க்கும் மேற்பட்ட இஎஸ்பி, இஎஸ்எம் ஏறலாம். நடைமுறையில் 130, 140-ஐத் தொட்டதும் விளையாட்டு தடுமாறத் தொடங்கும். அதற்கு மாட் லிமிட் ஃபிக்ஸ் இருக்கிறது, என்றாலும் உங்களுக்கு அந்த எல்லைப் பக்கம் போகும் அவசியமே வரக்கூடாது. வரிசையைத் தானாக அடுக்கும் லூட் நிரலை இந்த விளையாட்டில் நம்ப வேண்டாம். மாட் பக்கத்தில் சொன்ன வரிசையைக் கையால் வையுங்கள். சந்தேகம் வந்தால் எஃப்என்விஎடிட் என்ற கருவியில் எல்லாவற்றையும் ஏற்றி மோதல் வடிகட்டியைப் போட்டால், ஒரே பொருளை யார் யார் மாற்றுகிறார்கள், யார் பேச்சு எடுபடுகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

டேட்டா செலவைப் பொறுத்தவரை, மேலே சொன்ன எஞ்சின் திருத்தங்கள் எல்லாம் மிகச் சிறிய ஃபைல்கள். சாதாரண பண்டிலிலேயே முடியும். பல மாட்ஸை மொத்தமாக நிறுவும் வாபாஜாக் பட்டியல்களும் நெக்ஸஸ் கலெக்ஷன்களும் ஒரே மூச்சில் ஜிபி ஜிபியாக இழுக்கும். நெக்ஸஸில் கட்டணக் கணக்கு இல்லாவிட்டால் வாபாஜாக்கில் ஒவ்வொரு ஃபைலுக்கும் நீங்களே அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். விவா நியூ வேகாஸ் என்ற வழிகாட்டி நம்பகமானது. அதன் அடிப்படைப் பகுதியை வரிக்கு வரி பின்பற்றலாம். ஆனால் அதில் பாதி, வேறொன்றில் பாதி என்று கலக்காதீர்கள்.

கடைசியாக சேவ்கள். ஒவ்வொரு சேவுக்கும் இரண்டு ஃபைல்: .எஃப்ஓஎஸ் ஒன்று, அதே பெயரில் .என்விஎஸ்இ ஒன்று. காப்பி எடுக்கும்போது இரண்டையும் எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் எடுத்தால் விளையாட்டு திறக்கும், ஆனால் மாட்ஸ் நினைவில் வைத்திருந்தது காணாமல் போகும். குயிக்சேவ் பழையதன் மேலேயே எழுதுகிறது. எழுதும் நொடியில் மின்சாரம் போனால் அந்த சேவ் கெட்டுப்போகலாம். லோட் ஷெடிங்கை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மெனுவைத் திறந்து புதுப்புது சேவாக எழுதுங்கள், வாரம் ஒரு முறை ஃபோல்டரை ஃபிளாஷ் டிரைவுக்கு நகலெடுங்கள். குட்ஸ்பிரிங்ஸ் ஊரைவிட்டு முதன்முறை வெளியேறும் இடத்தில், பெயரையும் திறன்களையும் கடைசியாக மாற்றிக்கொள்ளச் சொல்லி மெனு வருவதற்கு முன், ஒரு சேவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். புதுக் கதாபாத்திரம் தொடங்கும்போதெல்லாம் உதவும்.

நடு ஆட்டத்தில் டெக்ஸ்சர், ஒலி போன்றவற்றைச் சேர்க்கலாம், எடுக்கலாம். ஸ்கிரிப்ட் ஓட்டுவதை, இடங்களைச் சேர்ப்பதை, இஎஸ்பி உள்ள எதையும் நடுவில் எடுக்காதீர்கள். அது விட்டுச்சென்ற தடம் சேவுக்குள்ளேயே இருக்கும். மாட் ஆர்கனைசரில் டிக் எடுப்பதால் அது போகாது. எடுத்தே ஆக வேண்டும் என்றால், அதைப் போடுவதற்கு முந்தைய சேவுக்குத் திரும்பிப் போங்கள். அந்த சேவை அடையாளம் தெரியும்படி, மாட்டின் பெயரோடு ‘முன்’ என்று சேர்த்து வேறு ஃபோல்டரில் வைத்திருந்தால் தேட வேண்டியிருக்காது.